பால் கொடுக்கும்போதே கரு தங்கிவிட்டது, உங்களில் யாருக்காவது?

சுங்கை சிப்புட் அம்மா:
"பால்குடிப் பிள்ளை இருக்கும்போது எதுவும் தங்காது" என்று மாமியார் சொன்னதை அப்படியே நம்பினேன். இங்கே மலேசியாவில் 98 நாள் பிரசவ விடுப்பு, அது முடிந்ததும் தொழிற்சாலை வேன் ஏறியாச்சு, இரவு ஷிப்ட். ராத்திரிக்குப் புட்டிப்பால், பகலில் நான். தீட்டு ஒரு தடவைகூட வரவில்லை, அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்? ஏழாம் மாதம் பிள்ளைக்கு எடை பார்க்கக் கிளினிக் போன இடத்தில் எனக்குத் தலை சுற்றியது, மிஸ்ஸி (நர்ஸ்) சிறுநீர் பார்க்கச் சொன்னார். இரண்டு கோடு. ஸ்கேன் செய்தால் பத்து வாரம். அவர் கர்ப்பிணிகளுக்கான புதுப் பிங்க் புத்தகத்தை நீட்டிய நேரம் பார்த்து மடியில் இருந்தவன் பசிக்கு அழ, பால் சுரந்து சட்டை நனைந்து அந்த அட்டை மேலும் இரண்டு சொட்டு விழுந்தது. கையால் துடைத்தேன். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. மாமியாரிடம் இரண்டு வாரம் சொல்லவே இல்லை.

பால்மரத் தோட்டத்துப் பிள்ளை:
மாமியாரைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி. எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஐந்து பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் மூன்று வருஷ இடைவெளி, ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. இருட்டில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போவார், மரம் வெட்டி முடித்து மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் சேர்வதற்குள் ஆயாக் கொட்டகைக்கு ஓடி வருவார். கையில் ஒட்டுப்பால் நாற்றம் அடிக்கும், முந்தானையில் துடைத்துக்கொண்டே தம்பியை வாங்குவார். ராத்திரி முழுக்க அவன் மாரிலேயே கிடப்பான். பெரியவர்கள் சொன்னது பொய் இல்லை.

மூன்று பிள்ளைத் தாய்:
பொய் இல்லைதான் அக்கா, ஆனால் உங்கள் அம்மாவுக்குக் காப்பு கொடுத்தது அந்த ராத்திரிப் பால். எனக்கும் மூத்தவளின் பத்தாம் மாதத்தில் தங்கியது, அவ்வளவுதான் என் கதை. தங்கச்சி, மூன்றும் சேர்ந்து இருக்கணும்: தீட்டு திரும்பியிருக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் போகணும், பகலில் நாலு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் தங்காது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம், பிள்ளை சப்பச் சப்பத்தான் கருமுட்டை வெளியாவது தள்ளிப்போகும். ஷிப்டுக்குப் போனதும் அது விட்டுப்போச்சு. தீட்டு வரவில்லை என்பதை நம்பவே நம்பாதீங்க, முதல் தீட்டுக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடலாம். இந்தப் பிரசவத்துக்கு அப்புறம் மிஸ்ஸியிடம் கேளுங்கள், பால் கொடுப்பவர்களுக்கென்றே புரோஜெஸ்டிரான் மட்டும் உள்ள மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் வளையமும் போடலாம், பாலைப் பாதிக்காது. வேலைக்குப் போகிறவர்கள் பாலைப் பீய்ச்சி வைக்கவும் பழகிக்கொள்ளணும், ஆனால் பீய்ச்சுவது மாரில் குடிப்பதற்கு ஈடாகாது, அதை மட்டும் நம்பிவிடாதீங்க.

சுங்கை சிப்புட் அம்மா:
சரி அக்கா, மிஸ்ஸியிடம் கேட்கிறேன். ஆனால் நான் எழுத வந்ததே வேறு. இப்போது ஐந்தாம் மாதம், பால் ரொம்பக் குறைந்துவிட்டது. பெரியவன் மாரில் வாய் வைத்து இழுத்துப் பார்க்கிறான், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான், மறுபடி இழுக்கிறான். அழக்கூட மாட்டேன் என்கிறான். யார் வீட்டிலாவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?