புதுப்பிப்பு: கார் இல்லாமல் சின்சினாட்டி டவுன்டவுன்

கார் எடுக்காமல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகர மையத்தைச் சுற்ற முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். தாராளமாக முடியும்.

ஆற்றங்கரையிலிருந்து ஃபின்ட்லே மார்க்கெட் வரை போகும் டிராமுக்குக் கட்டணம் கிடையாது. அந்தச் சந்தை 1855லிருந்து நடக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

என்னை அசத்தியது சந்தை இருக்கும் ஓவர்-தி-ரைன் பகுதிதான். ஜெர்மானியர்கள் குடியேறிய இடம். செங்கல் வீடுகள் தெருத்தெருவாக அப்படியே நிற்கின்றன. அதன் தெற்கு எல்லையில் ஓடும் சென்ட்ரல் பார்க்வே சாலை ஒரு காலத்தில் கால்வாய். தண்ணீரை வடித்துவிட்டு, 1920இல் அங்கே சுரங்க ரயில் பாதை தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த நேரம், விலைவாசி ஏறி பணம் தீர்ந்துபோனது. பயணிகளை ஏற்றி ஒரு ரயில்கூட ஓடவில்லை. சுரங்கம் இன்னும் சாலைக்கடியில் இருக்கிறது! மேலே நடக்கும்போது ஒன்றும் தெரியாது.

ஊர் பெயர் பெற்ற சில்லி பற்றிச் சிலர் எச்சரித்தீர்கள். ஸ்பகெட்டி மேல் பட்டை மணக்கும் கறிக் குழம்பு, அதன் மேல் மலைபோல் சீஸ். எனக்கு ஒரு தடவை போதும்.

ரோப்ளிங் தொங்கு பாலத்தில் நடந்தே ஓஹியோ ஆற்றைக் கடந்து கென்டக்கி மாநிலத்துக்குள் போய்விடலாம். இரும்புக் கிராதித் தளம் என்பதால் கார்கள் போகும்போது ரீங்காரம் கேட்கும். ரயில் நிலையமான யூனியன் டெர்மினலுக்கு மட்டும் டிராம் போகாது, பேருந்துதான்.