குடும்ப ஜெபக் குழு: வியாழக்கிழமைக்கு லூக்கா 18

அக்கா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வியாழன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு லூக்கா 18:1-8 கொடுத்திருக்காங்க. நியாயம் கேட்டு ஒரு விதவை ஒரு நியாயாதிபதிகிட்ட விடாம வந்து, கடைசியில அவன் இறங்கி வந்த இயேசுவோட உவமை அது. என் பங்கு 10 நிமிஷம். "அந்த விதவை மாதிரி விடாம நச்சரிச்சா கர்த்தர் இறங்குவார்"னு பேசலாமா சித்தப்பா?

சித்தப்பா: அப்படிப் பேசாதம்மா. அந்த நியாயாதிபதி கர்த்தருக்கு உவமை இல்ல, நேர் எதிர். 6ஆம் வசனத்துல இயேசுவே அவனை "அநீதியுள்ள"ன்னு சொல்றார். அவன் இறங்கினது இரக்கத்துல இல்ல, தொல்லை தாங்காம. 5ஆம் வசனத்துல "அலட்டாதபடி"ன்னு இருக்கே, கிரேக்கத்துல அது கண்ணுக்குக் கீழ குத்து விடுறதைச் சொல்ற வார்த்தை. அப்பேர்ப்பட்டவனே நியாயம் செஞ்சான்னா, பிதா செய்யாம இருப்பாரா? வாதமே அதுதான்.

அத்தான்: முட்டை கேட்டா தேளைக் கொடுக்கிற தகப்பன் உண்டான்னு இயேசு கேட்டதும் இதே வாதம்தான் மாமா. ஆனா பிதா கொடுப்பார்னு சொல்றது மத்தேயு 7:11ல "நன்மையானவைகள்", லூக்கா 11:13ல "பரிசுத்த ஆவி". கேட்ட அதே பொருள் கைக்கு வரும்னு ரெண்டு இடத்துலயும் இல்ல. அதை மறைக்காம சொல்லணும்.

பெரியம்மா: பொருத்தனையைப் பத்தியும், அதான் நேர்ந்துக்கிறதைப் பத்தியும் சொல்லு. பிள்ளை வேணும்னு அன்னாள் பொருத்தனை பண்ணினா, அது தப்பில்ல. இத்தனை ரூபாய் காணிக்கை போட்டாத்தான் மனசு இறங்குவார்னு பயந்து பண்றது, அந்த நியாயாதிபதிக்கு லஞ்சம் நீட்டுற மாதிரி.

அக்கா: சரி பெரியம்மா. ஜெபத்தை எப்படி நடத்தணும்? பிள்ளையை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வர்ற அம்மாவும் இருப்பாங்க.

சித்தப்பா: சங்கீதம் 13 எடு, ஆறே வசனம். 1-2 முறையீடு, "எதுவரைக்கும்" நாலு தடவை வரும். வாசிச்சிட்டு நிறுத்து. மனசுல இருக்கிறதை அவங்கவங்க அப்படியே சொல்லட்டும். 3-4 விண்ணப்பம். "ஆசீர்வதியும்"னு பொதுவா வேண்டாம். "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் இறங்கணும், பிள்ளை தூங்கணும்"னு கேட்கணும். அதுக்கப்புறம்தான் 5: "நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நம்ம கூட்டங்கள்ல எடுத்த எடுப்புலயே 5க்குத் தாவிடுறோம். அழ வந்தவ வாயடைச்சுப் போயிடுறா.

பெரியம்மா: "உம்முடைய சித்தம்"னு முதல்லயே முடிச்சிடுறதும் அப்படித்தான். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில ஆண்டவர், பாடுகளோட பாத்திரம் நீங்கணும்னு கேட்டுட்டுத்தான் "ஆகிலும் உம்முடைய சித்தம்"னார்.

அத்தான்: பவுல் மூணு தடவை கேட்டும், "மாம்சத்திலே ஒரு முள்"னு அவர் சொன்ன அந்த வேதனை நீங்கல. 2 கொரிந்தியர் 12. அவருக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்ல முடியுமா? அந்த அம்மாகிட்ட யாரும் அந்தப் பேச்சை எடுக்காம பார்த்துக்கோ.

அக்கா: யாருமே வாய் திறக்கலன்னா?

சித்தப்பா: அமைதியா விடு, நீ பேசி நிரப்பாத. கேட்கிறதுக்கு முன்னமே பிதாவுக்குத் தெரியும், மத்தேயு 6:8. ரெண்டு நிமிஷம் கழிச்சு 5ஆம் வசனத்தை நீ மட்டும் மெதுவா வாசி. எல்லாரையும் சேர்ந்து சொல்லச் சொல்லாத. சிலர் இன்னும் 2ஆம் வசனத்துலதான் நிப்பாங்க.

அக்கா: அப்போ பாட்டை ஆரம்பத்துல வைக்கல சித்தப்பா. 6ஆம் வசனம் "பாடுவேன்"னு வருதே, அதுக்கப்புறம் வைக்கிறேன்.