செக்மெத் முன்னால்: அனுபவப் பகிர்வு

கரியகல்:

பேச்சு பழைய எகிப்தின் சிங்கமுகத் தெய்வம் செக்மெத் பற்றி. எகிப்தின் லக்சரில் இருக்கும் கர்னக் வளாகத்து ப்தா தெய்வத்தின் கோவிலை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நடு அறையில் தலையில்லாத ப்தா. வலப்புற அறையில் நின்ற கோலத்தில் செக்மெத், கரிய கல். காவலர் கதவைச் சாத்தியதும் முதலில் ஒன்றும் தெரியாது. கூரைத் துளை வழியே விழும் வெளிச்சம் மட்டும்தான். கண் பழகப் பழக முதலில் தலைமேல் சூரிய வட்டு, அப்புறம் மூக்கு, கடைசியில்தான் கண்கள். முகம் மெல்லத் திரும்புகிற மாதிரி இருக்கும். கருமணி விரிவதால் வரும் தோற்றம் அது. தெரிந்தும் முதுகு சில்லிடும்.

உறுத்துவது அதுவல்ல. ஒரு குழு உள்ளே வருகிறது. "என்னுள் இருக்கும் கோபத்தை எழுப்பு தாயே" என்று சத்தமாக வேண்டுகிறது. ஐந்து நிமிடத்தில் பேருந்துக்கு ஓடுகிறது. எழுப்பத் தெரிந்தவர்கள் நிறைய. தணிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இவளுக்கான பழைய வழிபாட்டில் பெரும்பகுதி தணிப்பதுதான்.

போகிறவர்களுக்கு: திறந்தவுடன் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கும்பல். பக்‌ஷீஷ் (காவலருக்கு இனாம்) சில்லறை நோட்டாகக் கையில் இருக்கட்டும். எண்ணெய், ஊதுவத்தி எதுவும் வேண்டாம். விரல் பட்டாலே கல்லில் பிசுக்கு ஏறி, தூசு ஒட்டிக் கறுக்கும். வாயால் சொல்லும் காணிக்கை போதும். "ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை" என்று கல்லறை எழுத்துகளே வழிப்போக்கரிடம் கேட்கின்றன. வாய் மூச்சுக்குச் செலவில்லை என்பதுதான் அவற்றின் வாதம்.

சிவப்புக்குடம்:

தணிப்பு என்றால் சிவப்புப் பீர்தான், வேறென்ன. 'வானப் பசு' என்ற பழைய எகிப்திய ஏட்டில் உள்ள கதை தெரிந்ததே: மனிதரைக் கொல்லப் புறப்பட்டவளை நிறுத்த எலிஃபன்டைன் தீவிலிருந்து சிவப்பு மண், 7000 குடம் பீர், வயலில் மூன்று உள்ளங்கை உயரத்துக்கு, அதாவது சுமார் 22 செ.மீ., ஊற்றி வைக்கிறார்கள். அவள் ரத்தம் என்று நினைத்துக் குடித்து, மனிதரை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போகிறாள்.

இதை இன்றைக்குச் செய்யும்போது மனதில் நிற்பது, கடைசிக் கிண்ணத்தை மண்ணில் ஊற்றுகிற நொடி. சிவப்பு உடனே உள்ளே போய்விடும். நுரை மட்டும் மேலே கொஞ்ச நேரம் தங்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் தானாக வாயை மூடும்.

அளவு: 300 மி.லி. வெளிர் நிறப் பீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கர்க்கதே சாறு. எகிப்துக் கடைகளில் விற்கிற, செம்பருத்தி இனப் பூவின் உலர்ந்த சிவப்புப் புல்லியிதழ்தான் கர்க்கதே. அதில் 10 கிராமை 200 மி.லி. நீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறவைத்துச் சேர்க்கவும். கறுப்புப் பீரில் ஊற்றினால் சேற்று நிறம்தான் வரும். மாதுளைச் சாறு பரவாயில்லை, ஆனால் இனிப்பு தூக்கும். காவி மண்ணைத் தூளாகப் போடாதீர்கள். தூள் விழுந்த மாத்திரத்தில் பீர் பொங்கி வழியும். கடையில் நிறமியாக விற்கும் காவியில் என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. காவி வேண்டும் என்றால் குடத்தின் வெளிப்பக்கம் பூசுங்கள்.

இன்னொரு சிக்கல்: கிண்ணத்தை நேட்ரான் (பழைய எகிப்தியர் சுத்திக்கு வைத்திருந்த சோடா உப்பு) நீரில் சுத்தி செய்துவிட்டு அலசாமல் விட்டால் சாறு நீலமாகவோ பச்சையாகவோ மாறும். காரம் பட்டால் அந்த நிறமி அப்படித்தான். அதைத் தெய்வக்குறி என்று சொல்லிச் சடங்கை நிறுத்தியவர்கள் உண்டு.

நாள்: எகிப்திய ஆண்டின் முதல் மாதமான தோத் மாதம் 20, போதைத் திருவிழா. கர்னக்கில் மூத் தெய்வத்தின் கோவிலில் அரசி ஹட்செப்சுத் காலத்துப் போதை மண்டபத்தின் தூண்களையே தொல்லியலாளர் பெட்சி பிரையன் குழு தோண்டி எடுத்திருக்கிறது. ஆண்டுப் பிறப்பைச் சிரியஸ் உதயத்தை வைத்துக் கணக்கிடுகிறவர்களுக்கு, கெய்ரோ அட்சரேகையில் அது ஆகஸ்ட் முதல் வாரம் வாக்கில் வரும். தெற்கே ஒரு பாகை போனால் ஏறத்தாழ ஒரு நாள் முந்தும். அங்கிருந்து இருபதாம் நாள்.

பன்னிரு முடிச்சு:

சிவப்புக்குடம் எழுதியதில் பாதிக்கு உடன்பாடில்லை. அந்த ஏட்டில் கொல்லப் புறப்படுபவள் ஹாத்தோர் என்ற தெய்வம். செக்மெத் என்ற பெயர் அந்த வெறியாட்டத்தின் நடுவில்தான் வருகிறது. பீர் அவளுக்குப் படைத்த காணிக்கையும் அல்ல, சூரியக் கடவுள் ரா செய்த தந்திரம். வருடத்துக்கு ஒரு ராத்திரி தந்திரம் செய்துவிட்டுத் தணித்தாயிற்று என்று எழுந்து போவதற்கும், கரியகல் சொன்ன பேருந்துக் கும்பலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இவள் நோய் அனுப்புகிறவள். அம்பு, தூதர், கொள்ளைநோய் எல்லாம் அவள் கையில். அதே காரணத்தால் நோயை எடுக்கிறவளும் அவளே. ஏபெர்ஸ் பாப்பிரஸ் என்ற பழைய மருத்துவ ஏட்டில் நாடி பார்க்கிறவர்களை வரிசைப்படுத்தும்போது மருத்துவர், செக்மெத்தின் வாப் ('தூய') பூசாரி, மந்திரவாதி என்று ஒரே மூச்சில் வருகிறது. பழைய தெய்வங்களை வணங்கும் இன்றைய பேகன் ஒருவருக்கு அவளிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்த இணைப்புதான். 'உள்ளிருக்கும் பெண்சிங்கம்' வகையறா எனக்கு ஒட்டவில்லை.

செய்ய வேண்டியது ஆண்டின் கடைசி ஐந்து நாட்களில் இருக்கிறது: ஒசிரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெஃப்திஸ் பிறந்த நாட்கள். ஆண்டு முடிந்து அடுத்தது பிறக்கிற அந்த இடுக்கில்தான் அவள் தூதர்கள் திரிவார்கள். லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ஆண்டின் கடைசி நாள்' ஏட்டின் செய்முறை இவ்வளவுதான்: மெல்லிய லினன் துணியில் தெய்வ உருவங்களை வரை, பன்னிரண்டு முடிச்சுப் போடு, ரொட்டியும் பீரும் படை, தூபம் காட்டு, கழுத்தில் கட்டு.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் பத்தாவது முடிச்சு. துணி தீர்ந்துபோகும்! 3 செ.மீ. அகலத் துண்டில் ஒரு முடிச்சு 5, 6 செ.மீ. விழுங்கும். கழுத்துக்கு 40 செ.மீ. தனியாக வேண்டும். ஆக 120 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டுங்கள். குறுக்கே வெட்டாமல் நெசவின் நீளவாக்கில் வெட்டுங்கள். உருவங்கள் முடிச்சுக்குள் மறைந்துபோகிறதே என்று கவலைப்பட வேண்டாம், முடிச்சுக்கு உள்ளே தெய்வம் இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. கரி மை நல்லது. ஸ்கெட்ச் பேனா வியர்வையில் கரைந்து சட்டையில் இறங்கும். இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். தூங்கும்போது கழற்றித் தலைமாட்டில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கழுத்தில் கட்டவே வேண்டாம், தொட்டிலுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டலாம்.

பாலைத்திசை:

அமெரிக்காவில் நெவாடாவின் காக்டஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் செக்மெத் கோவிலை யாரும் சொல்லவில்லையே. லாஸ் வேகஸிலிருந்து வடமேற்கே சுமார் 70 கி.மீ., 95ஆம் நெடுஞ்சாலை ஓரம். 1993இல் ஜெனிவீவ் வாகன் கட்டியது. எகிப்தில் செக்மெத்திடம் வைத்த பிள்ளை வரம் பலித்ததற்கான நேர்த்திக்கடன். வைக்கோல் கட்டுச் சுவர், நாலு பக்கமும் திறந்த வாசல், கதவு கிடையாது, மேலே வானம் தெரிகிற வளைவுக் கம்பிகள். பக்கத்திலேயே அணுகுண்டு சோதித்த நிலம்.

அங்கே மறக்க முடியாதது காற்று. நாலு வாசலும் திறந்திருப்பதால் நடுவில் ஏற்றுகிற எதுவும் நிற்காது. அணைய அணைய ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அணுச் சோதனைக்கு எதிரே இவளை வைத்தது சும்மா இல்லை என்று அப்போதுதான் உறைக்கும்: கட்டுக்குள் நிற்காத நெருப்பை அழைத்துவிட்டு, இனி எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டிருக்கிற இடம் அது. செக்மெத்தை இன்றைக்கு எதற்கு வணங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த ஊர்தான். பன்னிரு முடிச்சு மன்னிக்கவும், லினன் துண்டு அல்ல.

உயரமான கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தி வையுங்கள், அடியில் இரண்டு விரற்கடை மணல் போட்டால் சாயாது. கோடையில் பகல் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். படையலுக்கு வெண்ணெய், சாக்லேட் எல்லாம் கொண்டுபோய் வழியவிடாதீர்கள். தண்ணீர், அதுவும் நிறைய. இறைச்சியை விட்டுவந்தால் கொயோட் என்கிற சிறு ஓநாய் வரும்.

பன்னிரு முடிச்சு:

அணுகுண்டு மனிதன் செய்தது. அதை அவள் கணக்கில் எழுதுவது வசதியான தப்பித்தல்.

உப்புக்காரர்:

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேலே போகிற போக்கில் 'நேட்ரான் நீர்' என்று வந்ததே, அதைத்தான் முக்கால்வாசிப் பேர் தவறாகச் செய்கிறார்கள். கூட்டு வழிபாடு ஒன்றில் உள்ளே வருகிறவர்கள் கைகளில் ஊற்றிய நீர் சோப்பு மாதிரி வழுக்கியது, ஒருவர் அதே கையால் கண்ணைத் துடைத்து எரிச்சலோடு வெளியே ஓடினார். காரணம் அடுப்பு.

எகிப்தின் வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் கிடைத்த இயற்கை நேட்ரான் சோடியம் கார்பனேட், பைகார்பனேட், சாதா உப்பு, சோடியம் சல்ஃபேட் கலந்தது. வீட்டில் செய்வது: சமையல் சோடா ஒரு பங்கு, அயோடின் சேர்க்காத உப்பு ஒரு பங்கு, மூழ்குமளவு தண்ணீர், மிதமான தீயில் வற்றவிடு, கட்டியைப் பொடி செய். இணையம் முழுக்க இதுதான் சுற்றுகிறது. செய்முறை சரி. ஆனால் சமையல் சோடா சூட்டில் கரியமில வாயுவை விட்டுவிட்டு சலவைச் சோடாவாக மாறிக்கொண்டே போகும். எவ்வளவு நேரம் காய்ச்சினீர்களோ அவ்வளவு காட்டம். பழைய பூசாரிகள் நேட்ரானை வாயில் மென்றார்கள் என்று படித்துவிட்டு இதை வாயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வாய் வெந்துவிடும்.

காய்ச்சவே வேண்டாம். சோடாவையும் உப்பையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் உலரவிடுங்கள். வெள்ளைப் பொருக்கு கட்டும். ஒரு லிட்டர் நீருக்கு அதில் ஒரு தேக்கரண்டி போதும். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரித்துக் கறுப்பாக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்ட சீசாவில் வையுங்கள், ஈரம் பட்டால் பாறையாகிவிடும். கையில் வெடிப்பு, படை இருக்கிறவர்களுக்கு வெறும் நீர் போதும். செக்மெத் மருத்துவர்களின் தெய்வம், புண்ணில் உப்பு தேய்க்கச் சொல்லமாட்டாள்.

தூபம்: கம்ப்யூட்டர் சாம்பிராணிக் கிண்ணத்தில் பெரும்பகுதி கரியும் வாசனையும்தான், அடைத்த அறையில் ஏற்றினால் தொண்டை கட்டும். குந்திரிக்கம் கட்டியாக வாங்கி, மிளகு அளவுக்கு உடைத்து, சாம்பல் படிந்த கரித்துண்டின் மேல் மூன்று நான்கு போட்டால் போதும். கரி சிவந்திருக்கும்போதே போட்டால் மணம் வராது, கருகல்தான் வரும். கிஃபி என்ற பழைய எகிப்தியக் கூட்டுத் தூபம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் கோரைக்கிழங்கு நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். பழைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க் சொன்ன 16 பொருளையும் தேடி அலையாதீர்கள்.

கால்தடம்:

உப்புக்காரர் தனிப் புத்தகமே போடலாம். நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் எல்லோரும் வருகிற வழியையே பேசுகிறீர்கள், போகிற வழியை ஒருவரும் சொல்லவில்லை.

தினசரிக் கோவில் சடங்கு பெர்லின் 3055 பாப்பிரஸில் 66 மந்திரமாக இருக்கிறது, அபிடோஸ் சேத்தி கோவில் சுவரில் படமாகவும் இருக்கிறது. முத்திரையை உடை, தாழை நீக்கு, முகம் பார், தரையை முத்தமிடு, தூபம், நீர், துணி, எண்ணெய், படையல். இதெல்லாம் வீட்டுப் பீடத்துக்கு ஏற்றபடி சுருக்கி எல்லோரும் செய்கிறார்கள். எகிப்தியத் தெய்வங்களை வணங்கும் இன்றைய சமயமான கெமெட்டிக் ஆர்த்தடாக்ஸியின் செனுத் சடங்கும் தனி ஆள் பீடத்தில் செய்யும் சுருக்கம்தான். விட்டுப்போவது கடைசிப் படி: பூசாரி தெய்வத்தின் முன்னிருந்து பின்னோக்கி நடந்து, தன் காலடித் தடத்தைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டே வெளியேறுவது.

அதைச் சரியாகச் செய்கிறவரைப் பார்த்தால் மறக்காது. சிலையிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து, இடமும் வலமுமாக மூன்று மூன்று வீச்சு, வாசல்படியில் நிறுத்தம், கதவு. அதோடு முடிந்தது என்று உடம்புக்கே தெரிகிறது. கரியகல் கேட்ட தணிப்புக்கு என் பதில் இதுதான். பீடத்துக்கு மட்டும் என்று ஒரு கைத்துடைப்பம் வையுங்கள், குட்டைப் பிடியாக இருந்தால் இடுப்பு வலிக்கும். பின்னால் நாற்காலி, வயர் எதுவும் இல்லை என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கம்பளத் தரையில் துடைப்பம் வேலைக்காகாது, பாய் ஒன்றை விரித்து அதைச் சுருட்டிக்கொண்டே பின்வாங்கலாம்.

சிலைக்கு: கடையில் கிடைப்பது பெரும்பாலும் ரெசின் வார்ப்பு. அதன் மேல் எண்ணெய் பூசினால் தங்கப் பூச்சு உரியும், விளக்கை ஒட்டி வைத்தால் வளையும். ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். எண்ணெய்க்கு முன்னால் ஒரு கூழாங்கல்லை வைத்து அதில் பூசுங்கள். சிலைக்கு உயிரூட்டும் வாய் திறப்புச் சடங்கை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள். திறந்த சிலைக்குத் தினமும் சோறு போட வேண்டும், ஊருக்குப் போனால் யார் போடுவார்கள்?

கரியகல்:

கால்தடம் சொன்னது கர்னக்கிலும் முடியும், துடைப்பம் இல்லாமலே. பின்னோக்கி நடக்கும்போது வாசல்படியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உயரமான கல். சிவப்புக்குடத்துக்கு ஒரு கேள்வி: குடிக்காதவர்கள் என்ன செய்வது?

சிவப்புக்குடம்:

வெறும் கர்க்கதே, சர்க்கரை போடாமல், குளிரவைத்தது. நுரை வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி சோடாத் தண்ணீர். படைத்ததைத் திரும்ப எடுத்துக் குடிப்பதுதான் முறை, அதனால் குடிக்க முடியாத எதையும் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். பன்னிரு முடிச்சு கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆம், ஹாத்தோர்தான் புறப்பட்டாள். கிண்ணம் இரண்டாக வைத்தால் தகராறு தீரும்.