பக்கத்து பக்கத்து கிணறு, ஒண்ணுல கேஸ் இருக்கு இன்னொண்ணுல இல்ல, ஏன்?

பெரியபட்டினத்தான்: எங்க ராமநாதபுரம் ஏரியாவுல எடுக்குற கேஸ்தான் வழுதூர் கரண்ட் பிளான்ட்டுக்கு போகுது. ஒரு எடத்துல நல்லா வருது, கொஞ்சம் தள்ளி போர் போட்டா ஒண்ணுமில்லன்னு மூடிட்டு போயிர்றாங்க. அடியில எல்லாம் ஒரே மண்ணுதானே?

உப்பளம்: ஒரே மண்ணு இல்ல தம்பி. நம்மூரு காவிரிப் படுகையோட தென்பகுதி. கோண்டுவானாங்கிற பழைய பெருங்கண்டம் பிரியுறப்ப தரை பிளந்து சில துண்டு கீழ எறங்கிருச்சு, சிலது மேலயே நின்னுருச்சு, அந்த முறிவுதான் ஃபால்ட்டு, இங்க முக்கியமானதெல்லாம் வடகிழக்கு தென்மேற்கா ஓடுது. கேஸ் மணற்கல்லோட பொடித் துளைக்குள்ளதான் இருக்கும், சும்மா இருக்காது, மேல ஏறப் பாத்துக்கிட்டே இருக்கும், ஃபால்ட்டுக்கு அந்தப் பக்கம் கேஸ் புக முடியாத களிப்பாறை வந்து நின்னுச்சுன்னா அங்கனயே மாட்டிக்கும். அங்கயும் மணற்கல்லுன்னா பல சமயம் தாண்டி போயிரும்.

மண்டபம் மச்சான்: அப்ப ஃபால்ட்டு புடிக்குதா விடுதாண்ணே, தெளிவா சொல்லுங்க 😄

உப்பளம்: ரெண்டும்தான்யா. நகரும்போது களிமண்ணு இழுபட்டு முறிவு நெடுக அப்பிக்கிட்டா மணலும் மணலும் எதிரெதிரா இருந்தாக்கூட அடைச்சிரும். ஒரு கிணத்துல எடுக்க எடுக்க பக்கத்து கிணத்துல பிரஷர் எறங்கவே இல்லன்னா, நடுவுல ஃபால்ட்டு மறிச்சு நிக்குதோன்னுதான் மொதல்ல பாப்பாங்க.

பெரியபட்டினத்தான்: ஓ, வயல்ல ஒயர் விரிச்சு சர்வே பண்ணது அடியில ஃபால்ட்டு எங்க இருக்குன்னு பாக்கத்தானா! நன்றிண்ணே.