யானை சவாரிய நக்கலடிச்சா யாராவது திருந்துவாங்களா?

கேள்வி: புலிக்குட்டியோட செல்ஃபி, யானை மேல சவாரினு போட்டோ போடுறவங்கள கலாய்ச்சு எழுதலாம்னு இருக்கேன், ஆனா படிக்கிறவன் சிரிச்சிட்டு அடுத்த டிக்கெட்ட புக் பண்ணிடுவானோனு டவுட்டு. எப்படி எழுதினா உறைக்கும்?

பதில் 1: யானையே ரிவ்யூ போடுற மாதிரி எழுதுங்க. "குட்டியிலயே அம்மாகிட்டருந்து பிரிச்சு, கட்டிப்போட்டு அடிச்சுப் பழக்குனாங்க, சர்வீஸ் சூப்பர், 5 ஸ்டார்." வேற மசாலாவே வேணாம்.

பதில் 2: ஸ்லோ லோரிஸ (நம்ம தேவாங்கோட சொந்தக்கார விலங்கு) விட்டுடாதீங்க! கிச்சுகிச்சு மூட்டினா கைய தூக்குதே, ரசிக்குதுனு நானும் நெனச்சவன்தான்... அது பயத்துல பண்றது, கைய தூக்கி முழங்கை உள்பக்கம் இருக்குற சுரப்பிய நக்கித்தான் அதோட கடி விஷமாகும். கடிக்கக் கூடாதுனு பல்ல வேற வெட்டிடுவாங்க.

பதில் 3: டால்பின் சிரிப்பும் அதே கதைதான், தாடை அமைப்பே அப்படி, செத்தாலும் சிரிச்ச மூஞ்சிதான். அப்புறம் பாகனை கலாய்க்காதீங்க, காசு குடுத்து ஏறுற நம்மள கலாய்ங்க.