மறு: முதியோர் இல்லத் திட்டம் – ராத்திரி யார் இருப்பது?

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் நாம் பணம் போட்டு, நம் சங்கத்தின் பெயரில் ஊரில் கட்ட நினைக்கும் முதியோர் இல்லத்துக்குத் தலைவர் மாமா அனுப்பிய வரைபடம் பார்த்தேன். குளத்துமேட்டு இடத்தில் இரண்டு மாடி, 20 படுக்கை, முன்னால் பிள்ளையார், வாசலில் நன்கொடையாளர் பெயரோடு கல்வெட்டு. அதற்குப் பிறகு வந்த மடல்களில் முக்கால்வாசி, கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்பதைப் பற்றித்தான். லிஃப்ட் உண்டா என்று யாரும் கேட்கக் காணோம். முட்டிவலிக்காரர்களை மாடிக்கு எப்படி ஏற்றப்போகிறோமோ, பிள்ளையாருக்கே வெளிச்சம்.

நான் இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பது பலருக்குத் தெரியும். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அதனால் கட்டடத்தைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ராத்திரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, பலரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை அணைகொடுத்து, குதிகால் மெத்தையில் உரசாமல் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்து, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, சார்ட்டில் நேரம் எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். நனைந்திருந்தால் துடைத்து மாற்ற வேண்டும். கனத்த உடம்பென்றால் ஒருத்தியால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். இதற்கு நடுவே ஒரு பாட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கைப்பையோடு வாசலில் வந்து நிற்பார். அவரிடம் பஸ் இல்லை என்று சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து, டீ கொடுத்து, அவராக மறக்கிற வரை பொறுத்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆள் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஒரு ஆள் இருக்கவே மூன்றரை ஆள் தேவை. இரண்டு ஆள் இருக்க ஏழு. தீபாவளி, காய்ச்சல், பிள்ளைக்குக் காதுகுத்து எல்லாம் சேர்த்தால் எட்டு. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். இதை வங்கி வட்டியிலிருந்து கொடுப்பதென்றால், 7 சதவீதம் என்று போட்டாலும், வைப்பு நிதியே 2 கோடிக்கு மேல் வேண்டும். சமையல், மருந்து, கரண்ட், டயப்பர் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கட்டடத்துக்கு நாம் பேசிக்கொண்டிருப்பது 80 லட்சம்.

"சாரிட்டிதானே, எப்படியும் ஓடிவிடும்" என்று துபாய் அண்ணன் எழுதியிருந்தார். இங்கே சாரிட்டி இல்லம் என்றால் இலவசம் என்று பொருள் இல்லை அண்ணே. இங்கிலாந்தில் ஒருவருடைய சொத்தும் சேமிப்பும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பராமரிப்புக் கட்டணத்தை அவரே கட்ட வேண்டும். தனி ஆளாக இருந்தால் பெரும்பாலும் வீட்டை விற்றுத்தான் கட்டுவார்கள். இல்லாதவர்களுக்கு உள்ளாட்சி மன்றம் கொடுக்கும். அது கொடுப்பதும் பல இடங்களில் ஆகும் செலவுக்குக் காணாது. லாபத்தைப் பங்கு போட முதலாளி இல்லை என்பதுதான் வித்தியாசம். சம்பளத்தை நன்கொடையை நம்பி யாரும் போடுவதில்லை.

நன்கொடையிலேயே ஓடும் இல்லங்கள் இல்லையா என்றால், உண்டு. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியாஸ்திரிகள் சபை. 1839-ல் பிரான்ஸில் ழான் ழுகான் என்ற அம்மா, கண் தெரியாத ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கியது. கூடையை எடுத்துக்கொண்டு வீடுவீடாகக் கேட்டு வாங்கித்தான் நடத்தினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும்கூட அவர்களுக்கு இல்லங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே நடுராத்திரியில் எழுந்து வருவது சம்பளம் வாங்காத கன்னியாஸ்திரிகள். நம் சங்கத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, யாருக்காக இந்த இல்லம் என்பதே மடல்களில் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆதரவற்றவர்களுக்கா, நம்முடைய அப்பா அம்மாவுக்கா? ஆதரவற்றவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசே இல்லம் அமைக்கலாம் என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு மனு போடுவது வேறு வேலை. நம்முடைய பெற்றோருக்கு என்றால் அதைக் கூச்சப்படாமல் சொல்லி, நாம் ஒவ்வொருவரும் மாதக் கட்டணம் கட்டி, அதில் மிஞ்சுவதில் ஊரில் இல்லாதப்பட்ட இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வோம். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. சிங்கப்பூர் சித்தப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும்.

பணம் அனுப்பும் விஷயம். "தலைவர் கணக்கில் போட்டுவிடுங்கள், ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதை இத்தோடு விட்டுவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பை முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாஸ்போர்ட் மாற்றியவர்கள், ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும்) அட்டை இருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு செயல்பாடும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் பணம் முதலில் இறங்க வேண்டும், வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. மடல்குழுவில் பாதிப் பேர் இப்போது பாஸ்போர்ட் மாற்றியவர்கள்தான்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? லண்டன் பெர்மாண்ட்சியில் ரிச்சர்ட் கார்-கோம் என்ற ராணுவ மேஜர் 1955-ல் வேலையை விட்டுவிட்டு, வயதானவர்கள் வீட்டில் தரை துடைக்கப் போனார். பசியைவிட அவர்களைத் தனிமைதான் அரிக்கிறது என்று பார்த்து, அடுத்த ஆண்டு ஒரு சாதாரண வீட்டை வாங்கி, சில பேரைச் சேர்த்து, கூடவே குடியிருந்தார். முதியோர் வீடுகளை நடத்தும் அபேஃபீல்ட் என்ற பெரிய அமைப்பு அதிலிருந்து வந்ததுதான். நம் மேலத்தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள், எங்கள் வீட்டையும் சேர்த்து. கழிவறையில் கைப்பிடி, வழுக்காத தரை, நிலைப்படிக்குச் சாய்தளம், இரவில் இரண்டு பேர் என்று செய்தால், நடமாட்டம் உள்ள ஐந்தாறு பேருடன் தை மாதமே தொடங்கலாம். எங்கள் வீட்டை மூன்று ஆண்டுக்கு வாடகையில்லாமல் தர அம்மாவுக்குச் சம்மதம். அங்கே தங்குகிறவர் படுக்கையில் விழுந்துவிட்டால் அவரை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதைச் சேர்க்கும் அன்றே பிள்ளைகளிடம் எழுதி வாங்கிவிட வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கி, கடலூர்ப் பக்கம் ஹெல்ப்ஏஜ் இந்தியா நடத்தும் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை, அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தோட்டத்தைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், சம்பளம் என்ன, ஆள் நின்றுவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு இந்தக் குழுவுக்கு எழுதுங்கள். யார் யார் எந்த பாஸ்போர்ட் என்ற பட்டியலைப் பொருளாளர் அக்கா இந்த மாதத்துக்குள் எடுத்துவிட்டால் நல்லது. கல்வெட்டு ஆர்டரை அதுவரை நிறுத்தி வையுங்கள் மாமா.

அன்புடன்,
மேலத்தெரு வாத்தியார் வீட்டுப் பெண்