புதுப்பிப்பு: கப்பல் விருந்தும் அப்பாவின் வேட்டியும்
கோத்தகிரியை விட்டு இறங்காத அப்பாவைச் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போகிறோம், ஃபார்மல் நைட் (கோட்டு சூட்டில் வரவேண்டிய இரவு) விருந்துக்கு வேட்டி கட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போய்வந்தாச்சு.

கட்டலாம். கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டோம். கோட்டு சூட்டுக்குப் பதில் தேசிய உடை போதும் என்றார்கள். கிளப்புகளில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்ற 2014 சட்டம் தமிழ்நாட்டுக்குள்தான், நடுக்கடலில் செல்லாது. பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு அப்பா நுழைந்ததும் பக்கத்து மேசைக்காரர் எழுந்து கைகொடுத்தார்.

சிக்கல் மறுநாள்தான். சாதாரண இரவுதானே என்று அப்பா மஃப்ளர், ரப்பர் செருப்போடு கிளம்பினார், சாப்பாட்டு அறை வாசலிலேயே மறுத்துவிட்டார்கள். சரி என்று மேல்தள பஃபேயில் சாப்பிட்டோம், அங்கே கெடுபிடி கிடையாது.

அப்புறம், இடப்பக்கம் இருக்கும் ரொட்டித் தட்டுதான் நம்முடையது. வலப்பக்கத்து அம்மாளின் பன்னுக்கு அப்பா வெண்ணெய் தடவி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.